ஓடுபாதைக்கு முதுகைக் காட்டிய ஏழு பேர்

(விமான நிலைய ஊழியர் மன்றத்தில், ‘விபத்தில்லா ஆயிரம் நாள்’ கேடயத்தைப் பெற்றுக்கொண்ட கோபுரக் கட்டுப்பாட்டாளர் ஆற்றிய ஏற்புரை)

வெள்ளைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால், விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் நிலையத் தலைவர் அவர்களே. தலைமையகத்திலிருந்து வந்து, தம் கையால் எங்களுக்குக் கேடயம் வழங்கிய விருதுக் குழுத் தலைவி அம்மையார் அவர்களே. கல்லூரி நாளில் நான் கோப்பை வாங்கிய கதையை எங்கோ கேட்டு, “நீதான்மா நல்லா அலங்காரமா பேசுவே, மூணு நிமிஷம் பேசு போதும்” என்று இந்த ஒலிபெருக்கியின் முன் என்னை நிறுத்திய மேற்பார்வையாளர் அவர்களே. சன்னலே இல்லாத அப்ரோச் அறையிலிருந்து வெளிச்சத்துக்கு வந்திருக்கும் என் சகாக்களே. பூட்ஸைக் கழற்றக்கூட நேரமின்றிப் பின்வரிசையில் நிற்கும் தீயணைப்பு அண்ணன்மார்களே. பிறர் பயணத்தின் பாரத்தையெல்லாம் தங்கள் முதுகில் தாங்கும் பெட்டி தூக்கும் தோழர்களே. பளிங்குத் தரையைப் பத்து முறை துடைத்துவிட்டு, இந்த நாற்காலியில் பத்து நிமிடம் உட்காரக் கிடைத்த தாய்மார்களே. அவர்கள் மடியில் தூங்கும் குழந்தைகளே. அனைவருக்கும் என் வணக்கம்.

யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது மேடை மரபு. நான் ஒருவரை விட்டிருக்கிறேன். அதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டாம். விட்டது நானல்ல, விடமறுத்தது நம் வாயில் கதவு. அவருடைய நுழைவு அட்டையைப் பிடுங்கி இன்றோடு இருபத்தொன்பது நாளாகிறது.

அவரை உங்களுக்குத் தெரியும். ஓடுபாதையை ஒட்டிய புல்தரையில் டிராக்டர் ஓட்டிப் புல் வெட்டுகிறவர். அந்த டிராக்டர் நடக்கிற வேகத்தில் போகும் என்பதால் நாமெல்லாம் அவருக்கு ராக்கெட் என்று பெயர் வைத்தோம். சிரிக்கிறீர்கள். அவரும் சிரித்துத்தான் ஏற்றுக்கொண்டார். ரேடியோவிலும் “டவர், ராக்கெட் பேசறேன்” என்றுதான் கூப்பிடுவார். பதினான்கு ஆண்டுகள் அப்படித்தான் கூப்பிட்டார். ஒப்பந்தத் தொழிலாளி. ஒப்பந்தக்காரர் மூன்று முறை மாறினார். டிராக்டர் ஒரு முறை மாறியது. ராக்கெட் அண்ணன் மாறவில்லை.

ஆயிரம் நாள் விபத்தே இல்லை என்று கேடயத்தில் பொறித்திருக்கிறார்கள். உண்மை. விபத்து இல்லை. ஆனால் விபத்து ஏன் இல்லை என்று பொறிக்க இந்தப் பித்தளையில் இடமில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். மூன்று நிமிடம் போதாது, ஐயா. மன்னியுங்கள். மன்னிக்காவிட்டாலும் இருக்கட்டும்.

தாய்மார்களே, உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டு மாடிப்படி இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதை நம்பி இறங்குவீர்கள்? கைப்பிடியை. மேகத்துக்குள் வரும் விமானமும் கண் கட்டிய மனிதர்தான். அதற்கும் நாம் கைப்பிடி வைத்திருக்கிறோம். தரையிலிருந்து புறப்படும் இரண்டு அலைகள். ஒன்று, ஓடுபாதைக்கு நேராக வருகிறாயா என்று சொல்லும். மற்றொன்று, சரியான சரிவில் இறங்குகிறாயா என்று சொல்லும். விமானியின் முன்னால் உள்ள ஊசி அந்த அலையைக் கேட்டு ஆடும். வெளியே ஒன்றும் தெரியாதபோது அந்த ஊசிதான் அவருக்குக் கண்.

அந்தச் சரிவு அலையை அனுப்பும் கம்பம், ஓடுபாதையின் பக்கத்தில், புல்தரை நடுவே நிற்கிறது. அதன் எதிரே புல் உயர்ந்து வளரக்கூடாது. அதனால் அங்கே புல் வெட்ட வேண்டும். ஆனால் புல் வெட்டும் டிராக்டர் இரும்பு. அந்த இரும்பு கம்பத்துக்கு எதிரே நின்றால், அலை அதில் பட்டு வளையும். நீங்கள் பிடித்திருக்கும் கைப்பிடி, படி முடியும் முன்னே, சத்தமே இல்லாமல் வளைந்துவிடும். தெளிந்த வானத்தில் பரவாயில்லை. விமானி கண்ணால் பார்த்து இறங்குவார். மூட்டம் இறங்கிய நாளில் அந்தப் புல்தரையில் ஒரு தகரம்கூட நிற்கக்கூடாது.

அங்கே யாரோ கேட்கிறீர்கள். அலை கெட்டால் மணி அடிக்காதா என்று. நல்ல கேள்வி, அண்ணே. கம்பம் கெட்டால் மணி அடிக்கும். கம்பம் நன்றாகத்தான் இருந்தது. கம்பத்துக்கும் விமானத்துக்கும் நடுவே யார் நிற்கிறார்கள் என்று அந்த மணிக்கு எப்போதும் தெரிந்துவிடாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் மனிதர்களை வைத்திருக்கிறார்கள். என்னைப் போன்ற மனிதர்களை.

எங்கள் முறை எளிது. ராக்கெட் அண்ணன் அனுமதி கேட்பார். நான் கொடுப்பேன். கொடுத்த கையோடு, என் முன்னால் இருக்கும் பலகையில் ஒரு சிவப்புப் பட்டையை மாட்டுவேன். அடிக்கோல் நீளம் இருக்கும். அது மாட்டியிருக்கும்வரை, புல்தரையில் ஆள் இருக்கிறார் என்று பொருள். மூட்டம் இறங்கினால் அவரைக் கூப்பிட்டு வெளியேற்றி, அவர் வாயால் “வெளிய வந்துட்டேன்” என்று கேட்ட பிறகுதான் பட்டையைக் கழற்ற வேண்டும். கீழே அப்ரோச் அறையில் இருக்கும் சகோதரிக்குச் சன்னல் கிடையாது. அவர் விமானத்தை வரிசையில் கொண்டுவந்து, எட்டாவது மைலில் என்னைக் கேட்பார்: புல்தரை காலியா? நான் பலகையைப் பார்ப்பேன். சிவப்பு இருந்தால் இல்லை. சிவப்பு இல்லாவிட்டால் காலி. ஒரு நாளைக்கு நாற்பது முறை கேட்பார். நாற்பது முறை சொல்வேன்.

அவருக்கு என் சொல் கண். எனக்கு அந்தப் பட்டை கண். விமானிக்கு அந்த ஊசி கண். ராக்கெட் அண்ணனுக்கு? அவருக்கு ரேடியோ. கூப்பிடும்வரை அசையக்கூடாது என்பது அவருக்கு நாம் சொல்லிவைத்த விதி. தானாக அசைந்து ஓடுபாதைக்குள் வந்துவிட்டால் என்ன ஆகும்? அதனால் அந்த விதி. நல்ல விதிதான்.

இருபத்தொன்பது நாளுக்கு முன், காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு, ராக்கெட் அண்ணன் அனுமதி கேட்டார். கொடுத்தேன். பட்டையை மாட்டினேன். வானம் வெளுப்பாக இருந்தது. கோபுரத்தில் இரண்டு நாற்காலி. ஆள் நான் ஒருத்திதான். இரண்டாவது நாற்காலிக்கு ஆள் எடுக்கிறோம் எடுக்கிறோம் என்கிறார்கள். அந்த நாற்காலியில் இப்போது என் கைப்பை உட்கார்ந்திருக்கிறது. விமானத்தோடு பேசுவதும் நான், தரையோடு பேசுவதும் நான்.

பத்தரைக்கு விருதுக் குழு வந்தது.

அம்மையார் அவர்களே, உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் கோபுரத்தைப் பார்க்க வந்தீர்கள். எங்கள் மேற்பார்வையாளர் விளக்கிச் சொன்னார். இன்னும் இரண்டு ஆண்டில் ஓய்வு பெறப்போகிறவர். ஒரு நாளும் யாரிடமும் கடிந்து பேசாதவர். என் வேலையை எனக்குக் கற்றுத்தந்ததும் அவர்தான். அன்றைக்கு அவருக்கு ஒரே ஒரு கவலை, படம் நன்றாக வரவேண்டும்.

“பாரும்மா, பலகையில செவப்பா ஒண்ணு தொங்குது. படத்துல என்னமோ ஆபத்து மாதிரி தெரியும். ரெண்டு நிமிஷம் எடுத்து வை.”

எடுத்து வைத்தேன். ஆபத்து என்று காட்டுவதற்காக வைத்திருந்த பட்டையை, ஆபத்து போலத் தெரிகிறது என்பதற்காகக் கழற்றினேன்.

பிறகு, அம்மையார் பேசுவது கேட்கவில்லை, அந்த இரைச்சலைக் கொஞ்சம் குறை என்றார் மேற்பார்வையாளர். இரைச்சல் என்றது தரை ரேடியோவை. புல்தரையோடு பேசும் ரேடியோவை. திருகினேன். என் கைதான். வேறு யார் கையும் அல்ல.

தம்பி, அந்த ஒலிப்பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிற தம்பி, ஒலியைக் குறைக்காதே. யார் உனக்குக் கைகாட்டினார்கள் என்று எனக்குத் தெரிகிறது. குறைக்காதே. ஒலியைக் குறைத்தால் என்ன ஆகும் என்றுதானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சரி, குறைத்தாலும் கத்துவேன். விமானச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த தொண்டை இது.

இந்த மேடையின் பின்னால் இருக்கும் பதாகையைப் பாருங்கள். பெரிய படம். பளபளக்கும் பலகை, பளிச்சென்ற சிரிப்பு. ஏழு பேர் நிற்கிறோம். வலது ஓரத்தில் நான். நானும் சிரிக்கிறேன். எங்களுக்குப் பின்னால் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரே வெள்ளை. அழகான பின்னணி என்று படம் எடுத்தவர் சொன்னார். அது பின்னணி அல்ல. அது மூட்டம். படம் எடுத்தபோது மூட்டம் இறங்கிவிட்டது. ஓடுபாதை மறைந்துவிட்டது. புல்தரை மறைந்துவிட்டது. பார்க்க வேண்டிய ஏழு பேரும் ஓடுபாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஏழு பேரில் ஒருவர் திரும்பியிருந்தால் போதும். ஒருவர்கூடத் திரும்பவில்லை. பாதுகாப்புக்கான விருதுப் படம் இது. இதைவிடப் பொருத்தமான படத்தை எந்த ஓவியனும் வரைந்துவிட முடியாது.

அந்த நேரத்தில்தான் கீழிருந்து அழைப்பு வந்தது. எட்டாவது மைலில் ஒரு விமானம். பயணிகள் நூற்று முப்பத்தொரு பேர். புல்தரை காலியா என்று சகோதரி கேட்டார். நான் பலகையைப் பார்த்தேன். சிவப்பு இல்லை.

காலி என்றேன்.

யோசித்தா சொன்னேன்? இல்லை. பொய் சொல்ல நினைத்தேனா? இல்லை. நாற்பது முறை சொல்கிற சொல், நாக்கே சொல்லிவிட்டது. என் கையே கழற்றிய பட்டையை, என் கண்ணே இல்லை என்று கண்டு, என் வாயே காலி என்றது. எங்கள் தொழிலில் மட்டும் செய்யக்கூடிய பிழை இது. பலகையை நம்பு, நினைவை நம்பாதே என்று எங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். பலகையை நம்பினேன். பலகை படத்துக்காக அலங்கரிக்கப்பட்டிருந்தது.

ஒன்றரை நிமிடம் கழித்து விமானியின் குரல். ரேடியோவில் எங்கள் மொழி வேறு. நம் பேச்சில் சொல்கிறேன். அவர் பதறவில்லை. பல் வலிக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார்: “ஊசி எங்களைக் கீழ இழுக்குது. இந்தத் தூரத்துல இந்த உயரம் சரியில்ல. நாங்க மேல போறோம்.”

நாலாவது மைலில் ஆயிரத்து இருநூறு அடிக்கு மேல் இருக்க வேண்டும். தொள்ளாயிரத்துக்கு வந்திருந்தார்கள். ஊசி, எல்லாம் சரி என்றது. அந்த விமானி ஊசியை மட்டும் நம்பவில்லை. இத்தனை மைலுக்கு இத்தனை அடி என்று தானும் கணக்குப் பார்த்தார். அந்த ஒரு மனிதரின் சந்தேகத்தால்தான், தாய்மார்களே, இன்றைக்கு இங்கே கேடயம் இருக்கிறது, பதாகை இருக்கிறது, கைதட்டல் இருக்கிறது. அவர் பெயர் அழைப்பிதழில் இல்லை.

நான் ரேடியோவின் திருகைக் கூட்டினேன். தலைக்கு மேலே போகும் இயந்திர இரைச்சல். அதற்குள் ராக்கெட் அண்ணன் குரல்.

“மேடம், தலைக்கு மேலயே போச்சு. நான் அசையல மேடம். நீங்க கூப்பிடாம அசையக்கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க. நான் அசையல.”

கைதட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள். இது கைதட்டுகிற இடமல்ல.

அந்த விமானம் சுற்றி வந்து பத்திரமாக இறங்கியது. பயணிகளுக்கு ஒன்றும் தெரியாது. பதினெட்டு நிமிடம் தாமதம் என்று ஒருவர் புகார் எழுதிக் கொடுத்தார். அந்தப் புகாருக்கு எண் போட்டு, பதில் எழுதி, வருத்தம் தெரிவித்தோம்.

அன்று மாலை அறிக்கை தயாரானது. பதினோரு பக்கம். விமானம் மேலே திரும்பியது ‘வானிலை காரணமாக’. புல் வெட்டும் ஓட்டுநர் ‘அனுமதியின்றித் தடைப்பகுதிக்குள் நுழைந்திருந்தார்’. அவர் தரப்பு விளக்கம் எத்தனை பக்கம் தெரியுமா? அரை வரி. ‘ஓட்டுநர் மறுத்தார்.’ பதினோரு பக்கத்தில் ஒரு மனிதனின் பதினான்கு ஆண்டுக்கு அரை வரி. மீதிப் பக்கங்களில் என்ன இருக்கிறது? காற்றின் வேகம் இருக்கிறது. புல்லின் உயரம் இருக்கிறது. புல்லின் உயரத்தை அளந்தவர்கள் புல் வெட்டியவனின் சொல்லை அளக்கவில்லை.

கடைசிப் பக்கத்தில் கையெழுத்துகள். ‘படித்தேன், ஏற்கிறேன்.’ அதில் நாலாவது கையெழுத்து என்னுடையது.

ஆமாம், முன்வரிசை அக்கா, நானும் போட்டேன். அப்படிப் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அப்படித்தான் பார்க்க வேண்டும். மேற்பார்வையாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எதிர்த்திருப்பேனோ என்னவோ. அன்பாகச் சொன்னார்: “யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா. உனக்கு இன்னும் வேலை உறுதியாகல. அடுத்த மாசம் ஃபைல் மேல போகுது. அவனுக்கு என்ன, இங்க இல்லேன்னா வேற தோட்டம்.”

வேறு தோட்டம். மூட்டத்துக்குள் தனியாக, தலைக்கு மேல் விமானம் வரும் சத்தம் கேட்டும் சொன்ன இடத்தைவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தவருக்கு, வேறு தோட்டம். உத்தியோகம் உறுதியாக வேண்டும் என்று உண்மையை உருவி எறிந்தேன். அந்தப் பேனாவின் பாரம் இன்னும் விரலில் இருக்கிறது.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. சுவரில் நம் நிலையத்தின் பழைய காலண்டர். அவர் மனைவியை உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டாம் தளத்தில் தரை துடைத்தவர். கணவர் அட்டையோடு அவர் அட்டையையும் சேர்த்து வாங்கிவிட்டார்கள். குடும்பத்தையே தடைப்பகுதி ஆக்கிவிட்டோம். நான் போய் உட்கார்ந்தேன். அழுதேன். அந்த அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே திரும்பாமல் சொன்னார்:

“அழறதுக்கு இந்த வீட்ல ஆள் இருக்கு. போய்ச் சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல.”

ராக்கெட் அண்ணன் அவரை அடக்கினார். சின்னப் பெண், வேலை போய்விடும், விடு என்றார். எனக்கு டீ போடச் சொன்னார். பிறகு என்னைச் சிரிக்கவைக்க நினைத்தாரோ, தன்னையே சிரிக்கவைக்க நினைத்தாரோ: “ராக்கெட்டுன்னாலே அடியில இருக்கறதுதான் தங்கச்சி மொதல்ல கழண்டு விழும். மேல இருக்கறது போய்க்கிட்டே இருக்கும்.”

சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வெளியே வந்து தெருமுனைவரை சிரிப்பு வந்தது. தெருமுனையில்தான், கழற்றிவிட்டது என் கை என்று உறைத்தது.

அன்று அவர் ஒன்று சொன்னார். மூட்டம் இறங்கியதுமே ரேடியோவில் கூப்பிட்டாராம். ஒரு முறை அல்ல, மூன்று முறை. எங்கள் ரேடியோவில் பேசுவது எல்லாம் தானாகப் பதிவாகும். திருகைக் குறைத்தால் என் காதுக்குத்தான் கேட்காது. பதிவுக் கருவிக்குக் கேட்கும். அந்தப் பதிவை அறிக்கை எழுதியவர் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். யார் கேட்கவைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன்; அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

பத்து மணி ஐந்து நிமிடம்: அனுமதி கேட்கிறார், நான் கொடுக்கிறேன். அனுமதியின்றி நுழைந்தார் என்ற வாக்கியம் அங்கேயே செத்துவிட்டது. பத்து நாற்பத்திரண்டு: “டவர், ராக்கெட் பேசறேன். மூட்டம் எறங்குது. வெளிய வரட்டுமா?” பதில் இல்லை. பத்து நாற்பத்தைந்து: “டவர், கேக்குதா?” பதில் இல்லை. அவர் வண்டியின் துடைப்பான் கண்ணாடியில் தேய்கிற சத்தம் மட்டும். பத்து நாற்பத்தொன்பது: “மேடம், வண்டிய எடுக்கலாமா? சொல்லுங்க மேடம்.” பதில் இல்லை. அந்த நிமிடம் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இதோ, பதாகையில்.

இப்போது நான் ஏன் அலுவலகத்தில் சொல்லாமல் மேடையில் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அலுவலகத்தில் சொன்னேன். இரண்டு முறை. விழா முடியட்டும் என்றார்கள். விழா முடிந்தால் என்ன முடியும் தெரியுமா? எங்கள் பதிவுகள் முப்பது நாள்தான் இருக்கும். முப்பதாம் நாள் பழைய குரலின் மேல் புதிய குரல் ஏறிவிடும். இன்று இருபத்தொன்பது. நாளை காலை பதினொரு மணிக்கு ராக்கெட் அண்ணனின் மூன்று அழைப்பும் இந்த உலகத்தில் இருக்காது. அவர் மறுத்தார் என்ற அரை வரி மட்டும் இருக்கும். கொலை செய்ய வேண்டியதில்லை. பொறுத்திருந்தால் போதும், இயந்திரமே அழித்துவிடும். இதுதான் நம் நிர்வாகத்தின் அகிம்சை.

அதைத் தடுக்க ஒரே வழி. பணியில் இருந்த கட்டுப்பாட்டாளர், நடந்தது தன் பிழை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நிலையத் தலைவர் தேதியும் நேரமும் இட்டுக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். அந்தக் கணமே பதிவைப் பூட்டியாக வேண்டும். இது விதி. புல்தரையில் உட்கார்ந்திருந்தவர் தன் விதியைக் காப்பாற்றினார். இந்த மேடையில் உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் விதியைக் காப்பாற்ற வேண்டாமா?

எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். இரண்டு படி. முதல் வரியைப் படிக்கிறேன்: ‘பட்டையைக் கழற்றியது நான். ஒலியைக் குறைத்தது நான். காலி என்று சொன்னது நான்.’ யார் சொல்லிச் செய்தேன் என்பது இரண்டாவது பத்தியில் இருக்கிறது. ஆனால் முதல் பத்தி என்னுடையது. அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

நிலையத் தலைவர் ஐயா, வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்கிறார். மைக்கில் கேட்கவில்லை, அதனால் நான் சொல்கிறேன்: அப்புறம் ஆபீசில் பேசிக்கலாம்மா என்கிறார். அப்புறம் என்றால் எப்போது, ஐயா? நாளை பதினொன்றுக்கு முன்பா, பின்பா?

பின்வரிசையிலிருந்து தீயணைப்பு அண்ணன் ஒருவர் வாங்கிக்கோங்க சார் என்கிறார். அந்த முன்வரிசை அக்காவும் சொல்கிறார். எழுந்து நிற்க வேண்டாம், அக்கா; கால் வலிக்கும். நிற்கிறீர்களா? சரி. நில்லுங்கள். எல்லோருமேவா? நானும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன். விழா நிகழ்ச்சியில் அடுத்தது இசை என்று போட்டிருக்கிறது. இசைக் குழுத் தோழர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

வாங்கிவிட்டார். நன்றி, ஐயா. சட்டைப் பையில் வைக்க வேண்டாம். படி ஒன்று எனக்கு வேண்டும். அதில் கையெழுத்து. பேனா இல்லையா? அம்மையார் தருகிறார். நன்றி அம்மா. நீங்கள் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறீர்கள், வேண்டாம். அன்று உங்களுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. இன்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்றுதான் இனி பார்ப்போம்.

கையெழுத்துப் போட்டுவிட்டார். இருங்கள், பார்க்கிறேன்.

ஐயா. தேதி தவறு. நாளைத் தேதியைப் போட்டிருக்கிறீர்கள்.

இல்லை, சிரிக்காதீர்கள் யாரும். கை தவறியிருக்கலாம். ஒரு எண்தான். ஒரு எண் தவறினால் எத்தனை அடி கீழே இறங்கிவிடுவோம் என்று இந்தக் கட்டடத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அடித்துவிட்டு இன்றைய தேதியை எழுதுங்கள். அடித்த இடத்தில் ஒரு சுருக்கொப்பம். நேரத்தையும் எழுதுங்கள். நாலு மணி பன்னிரண்டு. அந்தக் கடிகாரம் இரண்டு நிமிடம் வேகம். என் கைக்கடிகாரம் கோபுரத்தோடு ஒத்துப்போவது. நாலு மணி பன்னிரண்டு.

பதிவு அறைத் தோழர் கதவுப் பக்கம் போவதைப் பார்க்கிறேன். போங்கள் அண்ணே. வழி விடுங்கள், அவருக்கு வழி விடுங்கள்.

என்னை நாளைக்குக் கோபுரத்தில் ஏறவிட மாட்டார்கள். விடக்கூடாது. நூற்று முப்பத்தொரு உயிருக்குப் பார்க்காமல் பதில் சொன்ன வாய், விசாரணை முடியும்வரை அந்த மைக்கின் முன் இருக்கக்கூடாது. ஆனால் கோபுரத்தில் இருப்பது இன்னும் இரண்டு நாற்காலிதான். இனி இரண்டிலும் கைப்பையை உட்காரவைத்துவிடாதீர்கள்.

மேற்பார்வையாளர் அவர்களே, நீங்கள் கற்றுத்தந்த தொழிலைத்தான் நீங்கள் கெடுக்கச் சொன்னீர்கள், நான் கெடுத்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதியிருக்கிறேன். கோபமிருந்தால் வீட்டுக்கு வாருங்கள், பேசுவோம்.

இந்தத் தாளில் கடைசியாக ஒரு கட்டம் இருக்கிறது. இதற்கு முந்தைய அறிக்கையில் ராக்கெட் அண்ணனின் பெயர் ‘குற்றம் செய்தவர்’ என்ற கட்டத்தில் இருந்தது. இதில் அவர் பெயரை ‘சாட்சி’ என்ற கட்டத்தில் எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டத்துக்கு வெளியே, நம் வாயிலில்தான் அவர் நிற்கிறார். மனைவியோடு வந்திருக்கிறார். நான் வரச் சொன்னேன். சாட்சியை உள்ளே விடாமல் எந்த விசாரணையும் நடக்காது. யாராவது போய்க் கதவைத் திறந்துவிடுங்கள்.

என்னோடு நின்ற தாய்மார்களுக்கும் தோழர்களுக்கும் நன்றி. கையெழுத்திட்டவருக்கும் நன்றி. வணக்கம்.